நகம் கறுத்தால்: பொறுத்துப் பார்ப்பதா, டியூப் வாங்குவதா, கிளினிக்குக்குப் போவதா?

மலையகத்தில் கறுத்த நகத்துக்குக் காரணம் தேடி யாரும் சிரமப்படுவதில்லை. கொழுந்து பறிக்கிற கை என்றால் தேயிலைக் கறை. நுவரெலியா பக்கம் மரக்கறித் தோட்டத்தில் நிற்கிற கால் என்றால் கம்பூட்ஸ். ஜனவரியில் கால் பெருவிரல் நகம் கறுத்திருந்தால் "மலைக்குப் போய் வந்தீங்களா?" என்பார்கள், எந்த மலை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை, சிவனொளிபாத மலைதான். கவ்வாத்துக் கத்தி, விறகுக் கட்டை, பஸ் கதவு என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. இந்தக் காரணங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கலும் அதில்தான். எந்தக் கறுப்புக்கும் நம்பத்தகுந்த ஒரு காரணம் கைவசம் இருப்பதால், எப்போதோ ஒருவருக்கு வருகிற நிஜமான ஆபத்தும் அதே காரணத்துக்குப் பின்னால் மாதக்கணக்கில் மறைந்துகொள்ளும்.

அதனால் ஏன் கறுத்தது என்பதை வீட்டில் இருந்தபடியே முடிவுகட்டப் பார்ப்பதைவிட, இப்போது எந்த வழியில் போவது, எதுவரை போவது என்று யோசிப்பது பயன் தரும். நம்மவர்களுக்கு முன்னால் இருக்கிற வழிகள் ஐந்து: விட்டுப் பார்ப்பது, பாமசியில் மருந்து வாங்கிப் பூசுவது, தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுவது, அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போவது, டவுனில் செனல் பண்ணுவது, அதாவது காசு கட்டி விசேட வைத்தியரைத் தனியாகப் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. கையிலிருந்து காசு போகாவிட்டாலும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் மோசமானது விட்டுப் பார்ப்பதுதான் என்று பலர் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒழுங்காக அளவு வைத்துப் பார்த்தால் அது நல்ல வழிதான். என்னவென்றே தெரியாமல் டியூப் வாங்கிப் பூசிக்கொண்டிருப்பதுதான் இருப்பதில் மோசம்.

முதலில் கறையைக் கழித்துவிடுங்கள்

தேயிலைக் கொழுந்தைக் கிள்ளும்போது அதன் சாறு காற்றுப் பட்டுக் கறுக்கிறது. தொழிற்சாலையில் பச்சை இலையின் நிறத்தை மாற்றுகிற அதே வேதிமாற்றம்தான் விரலிலும் நடக்கிறது. அந்தக் கறுப்பு நகத்தின் மேல்தான் படியும், உள்ளே இருந்து வராது. கிள்ளுகிற விரல்கள் எல்லாவற்றிலும் இருக்கும், விரல் ரேகைகளிலும் நகக்கண்ணிலும் சேர்ந்தே இருக்கும். சில நாள் கொழுந்து மலைக்குப் போகாவிட்டால் மங்கும். எலுமிச்சை தேய்த்தால் கொஞ்சம் போகும். பலாக்காய்ப் பால், வாழைப்பூ, தலைக்குப் போடுகிற டை, சிகரட், புண் கழுவுகிற கொண்டிஸ் தண்ணீர் எல்லாமே இப்படித்தான். மருதோன்றி மட்டும் நகத்துக்குள் நன்றாக ஊறிவிடும். அது நகம் வளர்ந்துதான் போகும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பிளேட்டின் ஓரத்தை வைத்து நகத்தின் மேற்பரப்பை மெதுவாக, ஓரிடத்தில் மட்டும் சுரண்டிப் பாருங்கள். சுரண்டினால் நிறம் போகிறது என்றால் வெளிக்கறை. இன்னொரு அடையாளமும் உண்டு: வெளிக்கறையின் அடி எல்லை, நகவேரை மூடியிருக்கிற தோலின் வளைவையே பின்பற்றி வளைந்திருக்கும். இந்த இரண்டும் பொருந்தினால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் ஒன்று: கறை இருக்கிற கையில் கறைக்கு அடியிலும் ஏதாவது இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கையை நன்றாகக் கழுவி, பகல் வெளிச்சத்தில் பத்து விரலையும் ஒருமுறை பார்ப்பது கொழுந்து எடுக்கிறவர்களுக்கு நல்ல பழக்கம். பெருவிரலும் ஆட்காட்டி விரலும்தான் கொழுந்தைக் கிள்ளுகின்றன. நகத்தில் வருகிற புற்றுநோய் அதிகமாகத் தேடிப்போகிற இடங்களிலும் கைப்பெருவிரல், கால்பெருவிரல், ஆட்காட்டி விரல் என்பவைதான் முன்னால் நிற்கின்றன. கொழுந்து கிள்ளுவதால் அது வருகிறது என்று சொல்லவில்லை. கறை படிகிற விரலும் கவனிக்க வேண்டிய விரலும் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான்.

பொறுப்பது: நாள் குறித்து, அளவு வைத்து

நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாத மலை ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் கால் படாதபாடு படும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஒவ்வொரு படிக்கும் பெருவிரல் சப்பாத்தின் முன்பக்கத்தில் போய் இடிக்கிறது. வலி தெரியாமலேகூட நகத்துக்கு அடியில் இரத்தம் கசிந்து நிற்கும். முதலில் சிவப்பும் ஊதாவுமாக இருக்கும், அப்புறம் கபிலமாகிக் கறுக்கும். கவ்வாத்துக்குப் போகிறவர்களின் கையில் கட்டை விழுந்தாலும் இதே கதைதான்.

இரத்தக் கறுப்புக்கும் நிறமியால் வருகிற கறுப்புக்கும் முக்கியமான வித்தியாசம், அது வந்த இடத்தில் இருக்கிறது. இரத்தம் ஒரே ஒரு முறை கசிந்து அங்கேயே உறைந்துவிட்டது. நகம் வளர வளர அதுவும் நகத்தோடு நுனியை நோக்கி நகரும், அதன் பின்னால் வேர்ப்பக்கம் சுத்தமான நகம் வரும். நிறமி அப்படியில்லை. நகத்தின் வேரில் இருக்கிற நிற உயிரணுக்கள் தொடர்ந்து நிறத்தை உற்பத்தி செய்துகொண்டே இருப்பதால், வேரிலிருந்து நுனிவரை ஒரு கோடாக நீளும். எவ்வளவு காலம் காத்திருந்தாலும் அடிப்பக்கம் வெளுக்காது.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். கறுப்பு எங்கே தொடங்குகிறதோ, அதாவது வேர்ப்பக்க எல்லையில், நகத்தின் மேல் ஒரு சின்னக் கீறல் போடுங்கள். நகம் தேய்க்கிற அரத்தால் லேசாக இழுத்தால் போதும். பக்கத்தில் பிள்ளைகளின் அடிமட்டத்தை வைத்துப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். கால்நகம் அதில் பாதிகூட வளர்வது சந்தேகம். அதனால் கை என்றால் ஒரு மாதம், கால் என்றால் இரண்டு மாதம் கழித்து அதேபோல் இன்னொரு படம். கீறலும் கறுப்பும் சேர்ந்தே முன்னால் போயிருந்து, பின்னால் வெள்ளை நகம் தெரிந்தால் அது இரத்தம். மீதி தானாகப் போகும். கீறல் மட்டும் முன்னால் போய், கறுப்பு இன்னும் வேரைப் பிடித்துக்கொண்டிருந்தால் பொறுத்தது போதும்.

கைநகம் முழுதாக மாற ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரலுக்கு ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம். ஆகவே உந்துவப் போயாவுக்குத் தொடங்குகிற இந்த சீசனில் பட்ட அடி, அடுத்த சீசனிலும் நுனியில் கொஞ்சம் தெரியலாம். இன்னும் போகவில்லையே என்று பயப்பட வேண்டாம். நகர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த வழியின் நன்மை, செலவே இல்லை. அளக்காமல் "போகும் போகும்" என்று இருந்துவிடுவதுதான் இதன் ஆபத்து. அடிபட்ட ஞாபகம் இருக்கிறது என்பதும் பெரிய ஆதாரமில்லை. பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்துக்கு அடியில் இருந்தது 1977 இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் அதைக் கால்பந்து விளையாட்டில் பட்ட அடி என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1981 மே மாதம் அவர் இறந்தபோது வயது 36. வெயிலில் வெளுத்த தோல் எரிகிறவர்களுக்கு வருகிற நோய் என்று மெலனோமாவைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அது மொத்தத்தில் குறைவுதான், உண்மை. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயிலே படாத இடங்களில் வருவதுதான் அதிகம்.

பொறுக்கக் கூடாதவர்கள் யார்? வளர்ந்தவர் ஒருவருக்கு, அதிலும் ஐம்பதைத் தாண்டியவருக்கு, ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்திருந்தால் பொறுக்க வேண்டாம். கோடு 3 மில்லிமீற்றரைவிட அகலமாக இருந்தாலும், நாளாக ஆக அகலமானாலும் வேண்டாம். வேர்ப்பக்கம் அகலமாகவும் நுனியில் ஒடுக்கமாகவும் இருந்தால் அது இப்போது பெருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நுனியில் இருப்பது பழைய நகம், வேரில் இருப்பது இன்றைய நகம். ஒரே கோட்டுக்குள் கபிலமும் கறுப்பும் ஒழுங்கில்லாமல் கலந்திருப்பது, கோட்டுக்கு நேரே நகம் பிளப்பது, அடிபடாமலே இரத்தம் வருவது, கட்டி தட்டுப்படுவது, கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவுவது, குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா வந்திருப்பது ஆகியவையும் அப்படித்தான். தோலுக்குப் பரவுகிற அடையாளத்தை 19 ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்த ஜொனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரால்தான் இன்றும் டொக்டர்மார் அதைச் சொல்கிறார்கள். நம்மவர்களுக்கு நகத்தைச் சுற்றிய தோல் இயல்பிலேயே கறுப்பு என்பதால் இதில் குழப்பம் வரும். பக்கத்து விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; ஒரு விரலில் மட்டும் வித்தியாசமாக இருந்தால்தான் கவலை.

இவ்வளவும் படித்துவிட்டு நகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் இரண்டு மூன்று விரலில் மெல்லிய கபிலக் கோடுகள் தெரியக்கூடும். பதற வேண்டாம். நம்முடைய நிறத்துக்கு அது மிகச் சாதாரணம். வயது ஏற ஏறக் கூடும். பல விரல்களில், மெல்லியதாக, ஒரே சீரான நிறத்தில், வருடக்கணக்காக மாறாமல் இருக்கிற கோடுகளைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அம்மாவின் கையையும் பாருங்கள், அங்கேயும் இருக்கலாம்.

அடிபட்ட அன்றே நகத்துக்குள் இரத்தம் கட்டி விண்விண் என்று தெறித்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நகத்தில் சிறு துளை போட்டு இரத்தத்தை வெளியே விட்டால் வலி சட்டென்று குறையும், ஆனால் அது முதல் ஓரிரு நாளுக்குள் செய்தால்தான் பலன். எலும்பு உடைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஊசியைச் சுடவைத்து லயத்தில் நாமே குத்திக்கொள்கிற வேலை வேண்டாம்.

பாமசி டியூப்

டவுன் பாமசியில் அடிக்கடி நடக்கிற பேச்சு இது. "தம்பி, நகம் கறுத்துப்போச்சு, ஏதாவது குடுங்களேன்." "இது பங்கஸ் அக்கா. காலையும் இரவும் இதைப் பூசுங்க." ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வேலை கெடவில்லை, வரிசை இல்லை, விலையும் தாங்கக்கூடியது. கவர்ச்சியான வழிதான்.

பங்கஸ் நகத்தைக் கறுக்க வைக்குமா? வைக்கலாம், ஆனால் அது வழக்கமில்லை. பங்கஸ் பிடித்த நகம் பெரும்பாலும் மஞ்சளாகி, தடித்து, நுனி மாவாக உதிரும். காலில்தான் அதிகம். அப்படியே அது பங்கஸாக இருந்தாலும், தோலுக்குப் பூசுகிற கிரீம் நகத்தின் தடிப்பைத் தாண்டி உள்ளே போகாது. நகத்துக்கென்றே இருக்கிற அமொரொல்பின் போன்ற பூச்சை மாதக்கணக்கில் போட வேண்டும். டேர்பினாபின் மாத்திரை என்றால் கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். ஈரல் எப்படி இருக்கிறது என்று இரத்தம் பார்த்துவிட்டுத்தான் பொதுவாகக் கொடுப்பார்கள். இவ்வளவு நீண்ட வைத்தியத்தைத் தொடங்குவதற்கு முன் நகத்துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து, பங்கஸ்தானா என்று உறுதிசெய்வதுதான் முறை. பாமசி மேசையில் அது நடப்பதில்லை.

நான் இதை ஏன் மோசமான வழி என்கிறேன் என்றால், பங்கஸ் மருந்து மெதுவாகத்தான் வேலைசெய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒரு டியூப் முடிந்தும் கறுப்பு அப்படியே இருந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. "நாள் எடுக்கும்தானே" என்று இரண்டாவது டியூப், மூன்றாவது டியூப். சும்மா விட்டுப் பார்க்கிறவருக்காவது எப்போதாவது மனம் உறுத்தும். மருந்து பூசுகிறவருக்கு, தான் வைத்தியம் செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதி இருக்கிறது. நிஜமான நோயாக இருந்தால் அந்த நிம்மதியில் ஆறு மாதம் போய்விடும். சில டியூப்களில் ஸ்டீரொயிட்டும் கலந்திருக்கும். அது நகத்தைச் சுற்றிய தோலை மெலிய வைத்து, டொக்டர் பார்க்கும்போது படம் குழம்பிப்போகச் செய்யும்.

ஈரக் கை உள்ளவர்களின் கதை வேறு. கரட் கழுவுகிற பட்டறையில், ஹோட்டல் அடுக்களையில், துணி துவைக்கிற இடத்தில் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற கைகளில் நகம் சதையை விட்டுக் கொஞ்சம் கிளம்பும். அந்த இடுக்கில் சூடோமோனாஸ் என்ற பக்டீரியா குடியேறினால் நகம் பச்சை கலந்த கறுப்பாகும். இதற்கும் பங்கஸ் டியூப் ஒன்றும் செய்யாது. கிளம்பிய நகத்தை வெட்டி, கையை உலரவைத்து, வேலையின்போது உள்ளே பருத்தியும் வெளியே றப்பருமாகக் கையுறை போடுவதுதான் முதல் மருந்து. தண்ணீர் கலந்த வினாகிரியில் நனைப்பதும் உதவும். கறுப்பில் பச்சை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தால் இதை ஓரளவுக்கு நாமே கண்டுபிடிக்கலாம்.

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தை விரலில் செருகுவது, மஞ்சள் வைப்பது, மருதோன்றி அப்புவது போன்ற வீட்டு வைத்தியங்களால் பெரிய கெடுதல் இல்லை. கறுத்த நகத்துக்கு மட்டும் மஞ்சளும் மருதோன்றியும் வேண்டாம். நிறத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இன்னொரு நிறத்தை ஏற்றினால், அப்புறம் யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

தோட்ட டிஸ்பென்சரி, கிளினிக், செனல்

டிஸ்பென்சரியின் பலம் அது பக்கத்தில் இருப்பது. வேலை முடிந்து போகலாம், பேர் கெடாது. அடிபட்ட காயம், சீழ், நகச்சுற்று என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நிறமிக் கோட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற கருவி அங்கே இருக்காது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அங்கிருந்து நமக்கு வேண்டியது ஒரு கடிதம். வெறுமனே "நகம் கறுத்திருக்கு" என்று சொன்னால் ஒரு களிம்போடு திருப்பி அனுப்பிவிடக்கூடும். "ஒரே நகத்தில் கோடு, இவ்வளவு நாளாக இருக்கிறது, அகலமாகிறது, கீறல் நகர்ந்தும் கறுப்பு நகரவில்லை, தோல் கிளினிக்குக்குக் கடிதம் வேண்டும்" என்று கேளுங்கள். தெளிவாகக் கேட்கிறவருக்குக் கடிதம் கிடைப்பது சுலபம்.

தோல் கிளினிக் என்றால் நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகள். மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ போவதென்றால் விடிவதற்கு முன் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போகும், பேரும் போகும். அங்கே கூட்டமும் குறைவில்லை. சிங்களம் சரியாக வராதவர்கள் துணைக்கு ஆளைத் தேட வேண்டும். இவ்வளவு கஷ்டத்துக்கும் மேல் அதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: எல்லாம் ஒரே இடத்தில், காசில்லாமல் தொடரும். இன்று பார்த்த கோட்டை மூன்று மாதம் கழித்து அதே கொப்பியைப் பார்த்து ஒப்பிடுவார்கள். நகத்துண்டுப் பரிசோதனை, சதைப் பரிசோதனை, தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை எல்லாமே அங்கிருந்தே போகும். கறுத்த நகத்துக்கு ஒரு தடவை பார்ப்பதைவிடத் தொடர்ந்து பார்ப்பதுதான் முக்கியம் என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

செனல் பண்ணுவதில் நேரம் மிச்சம். ஹட்டனிலோ கண்டியிலோ பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பார்க்கிறவர் பெரும்பாலும் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிற அதே விசேட வைத்தியராகத்தான் இருப்பார். ஆனால் கட்டணம் அன்றோடு முடியாது. பரிசோதனைக்கு வேறு, அடுத்த தடவைக்கு வேறு. கையில் காசு தீர்ந்த இடத்தில் தொடர்ச்சியும் அறுந்துவிடும்.

இரண்டையும் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இதுதான். பொறுக்கக் கூடாது என்று மேலே சொன்ன அடையாளங்களில் ஏதாவது இருந்து, கிளினிக் நாள் தள்ளிப்போகிறது என்றால், கடன்பட்டாவது ஒரே ஒரு முறை செனல் பண்ணுங்கள். அந்த ஒரு முறையிலேயே "உங்கள் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு எழுதித் தாருங்கள்" என்று கேட்டு, மீதியை அரசாங்கப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். அடையாளம் எதுவும் இல்லை, மனம்தான் கேட்கவில்லை என்றால் செனலுக்குக் காசு கொட்ட வேண்டாம், ஓ.பி.டி.யில் காட்டிக் கிளினிக்குக்குப் போனால் போதும்.

எங்கே போனாலும் கியூடெக்ஸை எல்லா விரலிலும் அழித்துவிட்டுப் போங்கள், சப்பாத்தையும் மேஸையும் கழற்றத் தயாராக இருங்கள். இருபது நகத்தையும் பார்க்கச் சொல்லலாம், கூச்சம் வேண்டாம். அடிமட்டத்தோடு எடுத்த படங்கள் போனில் இருந்தால் எந்த மொழியும் தேவையில்லை. ஏற்கனவே என்ன பூசினீர்கள் என்பதை மறைக்க வேண்டாம்; பங்கஸ் மருந்து பூசிய நகத்தில் பரிசோதனை பிழையாக வரக்கூடும்.

பழைய கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கட்டாயம் கொண்டுபோங்கள். பல நகங்கள் ஒன்றாகக் கறுத்தால் காரணம் உடம்புக்குள்ளோ மருந்திலோ இருக்கலாம். புற்றுநோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகள், முகப்பருவுக்குக் கொடுக்கிற மினோசைக்ளின், எச்.ஐ.விக்குக் கொடுக்கிற சிடோவுடின் எல்லாம் நகத்தில் கறுப்பை ஏற்றும். கர்ப்ப காலத்திலும் கோடுகள் வருவதுண்டு. விட்டமின் பி12 குறைந்தால் நகங்களோடு விரல் மொளிகளும் சேர்ந்து கறுக்கும். முட்டை, மீன், இறைச்சி, பால் அதிகம் சேராத சாப்பாடு உள்ளவர்களும், சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின் வருடக்கணக்காக எடுப்பவர்களும் இதை மனதில் வைக்கலாம்; மெட்போர்மின் பி12 ஐக் குறைக்கக்கூடியது. பி12 கொடுத்தால் இந்தக் கறுப்பு மெல்ல மறையும், ஆனால் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. சீனி வருத்தக்காரருக்குக் கால்நகம் மட்டும் இல்லாமல் விரலே கறுத்துக் குளிர்ந்திருந்தால் அது நகப் பிரச்சினையே இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கிளினிக்கில் வருகிற அடுத்த தெரிவு

தோல் வைத்தியர் வெளிச்சத்தோடு கூடிய சிறு பூதக்கண்ணாடியால் நகத்தைப் பார்ப்பார். டேமொஸ்கோப் என்பார்கள். இரத்தமா நிறமியா என்பது பல நேரம் அதிலேயே தெரிந்துவிடும். நிறமி என்றால் பேச்சு இரண்டில் ஒன்றாக இருக்கும்: படம் எடுத்து வைத்துச் சில மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம், அல்லது நகவேரிலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிப்போம்.

சிறுபிள்ளைகளின் நகத்தில் வருகிற கோடு பெரும்பாலும் வேரில் இருக்கிற மச்சம்தான். அகலமாக இருந்தாலும்கூட வைத்தியர்கள் அநேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கவே விரும்புவார்கள். பெற்றோர் "எடுத்துப் பார்த்துவிடுங்கள்" என்று நெருக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு, அதிலும் ஒரே விரலில் மாறிக்கொண்டிருக்கிற கோட்டுக்கு, நான் சதைப் பரிசோதனைப் பக்கம்தான் நிற்பேன். விரலை மரக்கவைக்கிற ஊசி வலிக்கும், அப்புறம் தெரியாது. சில நாள் கையை நனைக்க முடியாது, கொழுந்துக்குப் போக முடியாது. நகம் மறுபடி வளரும்போது ஒரு பிளவோ கோடோ நிலைத்துவிடலாம். இது உண்மையான இழப்புத்தான், கையால் உழைக்கிறவருக்கு இன்னும் கூடுதல். எதிர்ப்பக்கத்தில் இருப்பதையும் பார்க்க வேண்டும். மெலனோமாவை வேரோடு நிற்கும்போதே பிடித்தால் நகத்தையும் அதன் அடித்தோலையும் எடுத்து, வேறு இடத்துத் தோலை ஒட்டி, விரலைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். ஆழமாகப் போனபின் விரலையே எடுக்க வேண்டி வரலாம், அதற்கு அப்பால் நிணநீர்க் கட்டிகளுக்கும் பரவலாம். "மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பயத்தில்தான் நம்மவர்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். எடுக்கிற துண்டுகளில் பலவற்றுக்குப் புற்றுநோய் இல்லை என்றுதான் முடிவு வருகிறது.

யாராவது "நகத்தைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும்" என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம். நிறம் வருவது வேரிலிருந்து. நகத்தை மட்டும் எடுத்தால் புது நகமும் கறுப்பாகவே வரும், பார்க்க வேண்டிய ஆதாரமும் குப்பைக்குப் போயிருக்கும். வேறு காரணத்துக்காக நகத்தை எடுக்க நேர்ந்தாலும், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்களா என்று கேளுங்கள். சதைத் துண்டு எடுத்திருந்தால் ரிப்போட் எப்போது வரும், எந்தக் கிளினிக் நாளில் வந்து வாங்க வேண்டும் என்பதைக் கொப்பியில் எழுதித்தரச் சொல்லுங்கள். ரிப்போட் வரப் பல நாட்கள் ஆகும், தானாக வீடு தேடி வராது. அந்த நாளில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நீங்களே போய் வாங்க வேண்டும்.